தத்து நாய்க்கு வந்த இருமல்: உறக்கத்தில் எண்ணிய மூச்சு காட்டிக்கொடுத்த நிமோனியா

செவலை நாட்டு நாய். பெண். பற்களை வைத்துச் சொன்னால் ஒன்றரை வயது இருக்கும். தென்சென்னையில் வசிக்கும் ஒரு குடும்பம் மார்கழியின் பின்பாதியில் அதை ஒரு விலங்குக் காப்பகத்திலிருந்து தத்தெடுத்தது. நான்காம் நாள் இரவு இருமல் தொடங்கியது. பத்தாம் நாள் நிமோனியா உறுதியானது. தை முடியும் முன் நாய் முழுமையாகத் தேறிவிட்டது.

தத்து நாய்களுக்கு இருமல் வருவது ஒரு கால்நடை மருத்துவருக்குப் புதிதல்ல. வாரம் ஒன்றாவது வரும். இருந்தும் இந்த ஒரு நாயைப் பற்றி விரிவாக எழுதக் காரணம் உண்டு. நோய் திசைமாறியதை எல்லோருக்கும் முன்பாகக் கண்டுகொண்டவர் அந்த வீட்டுப் பெரியவர். தினசரி காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கம் அவர் எழுதிவைத்த மூச்சு எண்ணிக்கை எனக்குக் கிடைத்த முதல் தடயம். அந்தத் தாள்கள் இல்லையென்றால் போகிப் புகையின் மேல் பழியைப் போட்டுவிட்டு இரண்டு நாட்களை இழந்திருப்போம். குடும்பத்தின் ஒப்புதலோடு எழுதுகிறேன். நாய்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

பின்னணி

காப்பகத்துக்கு வரும் முன் செவலை தெருவில் இருந்தது. காப்பகத்தில் சேர்ந்த சில நாட்களில் கருத்தடை அறுவைச் சிகிச்சை நடந்தது. அதே வாரத்தில் டிஸ்டெம்பர், பார்வோ முதலிய தொற்றுநோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசியில் முதல் தவணையும் வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் போடப்பட்டன. அதற்கடுத்த வாரம் தத்து கொடுக்கப்பட்டது. அதாவது தெருவிலிருந்து கூண்டு, கூண்டிலிருந்து அறுவை மேசை, அங்கிருந்து ஆட்டோவில் புதிய வீடு. ஒரு மாதத்துக்குள் இத்தனை இடம்பெயர்வுகளைச் சந்திக்கும் உடலில் நோய் எதிர்ப்பு ஆற்றல் தளர்ந்திருக்கும். நாய் நெருக்கடியான கூண்டு வரிசையில், ஒன்றின் மூச்சு இன்னொன்றின் மேல் படும் தொலைவில் இருந்திருக்கிறது. காப்பகத்தைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. மழைக்காலத்தில் இடமில்லாமல் நாய்களை ஏற்றுக்கொள்ளும் எந்தக் காப்பகத்திலும் இதுதான் நிலைமை.

புதிய வீட்டில் ஏற்கெனவே மணி என்ற 9 வயது ஆண் நாய் இருந்தது. அதுவும் நாட்டு நாய்தான். ஆண்டு தவறாமல் தடுப்பூசி போட்டுக்கொண்டது. வீட்டில் கணவன், மனைவி, மனைவியின் தந்தை. இந்தப் பெரியவர் ஓய்வுபெற்றவர். நாயோடு அதிக நேரம் இருந்தவர் அவரே.

நான்காம் நாள் நள்ளிரவில் செவலை கழுத்தை நீட்டி, முதுகை வளைத்து, வறட்டு இருமலாக இருமியது. ஒவ்வொரு முறையும் இறுதியில் குமட்டிக்கொண்டு வெள்ளை நுரையைக் கக்கியது. முந்தைய நாள் கோழிக் கழுத்துத் துண்டு போட்டிருந்தார்கள். ஆகவே தொண்டையில் எலும்பு சிக்கிவிட்டது என்றே முடிவு செய்தார்கள். மருமகன் டார்ச் விளக்கோடு வாயைத் திறக்க முயன்றபோது பெரியவர் தடுத்துவிட்டு எனக்குத் தொலைபேசியில் அழைத்தார்.

இங்கே சற்று நிற்க வேண்டும். மூச்சுக்குழாய் அழற்சியில் வரும் இந்த இருமல், பார்ப்பவருக்கு எப்போதும் தொண்டையில் ஏதோ அடைத்ததுபோலத்தான் தெரியும். ஆனால் நம் நாட்டில் "தொண்டையில் எலும்பு சிக்கிக்கொண்டது" என்ற புகாருக்குப் பின்னால் இன்னொரு அபாயமும் ஒளிந்திருக்கலாம். வெறிநோயின் ஒரு வடிவத்தில் நாய் கடிக்கவோ ஆவேசப்படவோ செய்யாது. தாடைத் தசை செயலிழந்து வாய் திறந்தபடி தொங்கும். விழுங்க முடியாமல் எச்சில் ஒழுகும். குரல் மாறும். எலும்பைத் தேடி வாய்க்குள் கைவிட்டவர்கள் நோய்த்தொற்றுக்கு ஆளாகியிருக்கிறார்கள். பூர்விகம் தெரியாத நாய், அண்மையில் ஒரே ஒரு தடுப்பூசி போட்டது என்றால் வெறுங்கையை வாய்க்குள் விடவே கூடாது. அன்றிரவு நான் கேட்ட கேள்விகள்: தண்ணீர் குடிக்கிறதா, விழுங்குகிறதா, வாய் மூடுகிறதா, குரைக்கும் குரல் மாறியிருக்கிறதா, கூப்பிட்டால் வருகிறதா? எல்லாம் இயல்பாக இருந்தன. எலும்பும் இல்லை, வெறிநோயின் சாயலும் இல்லை. காலையில் வரச் சொன்னேன். வந்ததும் உள்ளே வராமல் வாகனத்திலேயே காத்திருக்கச் சொன்னேன். காத்திருப்பு அறையில் குட்டிகள் இருந்தால் ஒரு இருமல் போதும், ஒரு வாரத்துக்குப் புதிய நோயாளிகள் வந்துகொண்டே இருப்பார்கள்.

முதல் பரிசோதனை

ஐந்தாம் நாள் காலை. எடை 11.2 கிலோ. விலா எலும்புகள் தெளிவாகத் தெரிந்தன. உடல் வெப்பம் 102.2 பாரன்ஹீட்; நாய்க்கு 101 முதல் 102.5 வரை இயல்பு. மூக்கில் தண்ணீர்போன்ற ஒழுக்கு. கண்கள் தெளிவு. கழுத்தில் மூச்சுக்குழாயை மெல்ல அழுத்தியதும் அதே இருமல். நுரையீரல் இருபுறமும் சுத்தமாகக் கேட்டது. ஈறு சற்று வெளிறியிருந்தது. மலத்தில் கொக்கிப்புழு முட்டைகள் இருந்தன. தெரு நாய்களிடம் இது மிகச் சாதாரணம். வெளிறலுக்கும் அதுவே காரணம் என்று கருதிப் புழு மருந்து தொடங்கினேன்.

காப்பக நாய்களிடம் பரவும் இந்த இருமலுக்கு ஒற்றைக் கிருமி காரணம் அல்ல. போர்டெடெல்லா பிராங்கிசெப்டிகா என்ற பாக்டீரியா, பாராஇன்ஃபுளுயன்சா வைரஸ், அடினோவைரஸ் 2, நாய்களின் சுவாசக் கொரோனா வைரஸ், மைக்கோபிளாஸ்மா எனப் பல கிருமிகள் தனியாகவோ கூட்டாகவோ தாக்குகின்றன. போர்டெடெல்லா, குழந்தைகளுக்குக் கக்குவான் இருமல் தரும் கிருமியின் நெருங்கிய உறவு. மூச்சுக்குழாயின் உட்சுவரில் சளியை மேல்நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும் நுண்மயிர்களில் ஒட்டிக்கொண்டு அவற்றை அசையவிடாமல் செய்துவிடும். கிருமி உள்ளே போய் ஏறத்தாழ 2 முதல் 10 நாட்களில் இருமல் தொடங்கும். காப்பகத்தில் நன்றாக இருந்த நாய் வீட்டுக்கு வந்த நான்காம் நாள் இருமுகிறது என்றால், நோயை அங்கிருந்தே கொண்டுவந்திருக்கிறது என்று பொருள். வீட்டுத் தரை குளிர்ச்சியோ மார்கழிப் பனியோ காரணம் அல்ல.

எனக்கு உண்மையான கவலை டிஸ்டெம்பர். மனிதர்களின் தட்டம்மை வைரஸுக்கு உறவான இந்த வைரஸ் நோயும் இருமலும் மூக்கொழுக்குமாகத் தொடங்கலாம். சில நாள் கழித்துக் கண்ணில் பீளை, வயிற்றுப்போக்கு, வயிற்றுத் தோலில் கொப்புளம், பாதமும் மூக்கும் தடித்துப்போதல் என்று விரியும். எல்லாம் தணிந்துவிட்டது என்று நினைக்கும் நேரத்தில் தசைத் துடிப்பும் வலிப்பும் வரும். முதல் நாளே இதை உறுதியாக விலக்க முடியாது. தடுப்பூசி போட்டு இரண்டு வாரமே ஆகியிருந்ததில் இன்னொரு சிக்கலும் இருந்தது. அந்தத் தடுப்பூசியில் இருப்பது வலுவிழக்கச் செய்யப்பட்ட உயிருள்ள வைரஸ். கிருமியின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். சோதனை அதையும் பிடித்து, "நோய் இருக்கிறது" என்று காட்டிவிடக்கூடும். ஆகவே இந்த நாய்க்குப் பாசிட்டிவ் முடிவு குழப்பம்தான் தரும், நெகட்டிவ் முடிவுக்கே மதிப்பு. அன்று சோதனைக்கு அனுப்பவில்லை. பாதம், கண், வயிறு, நடை ஆகியவற்றை மட்டும் குறித்துவைத்தேன்.

ஆன்டிபயாடிக்கும் தரவில்லை. குடும்பத்தினருக்கு இதில் ஏமாற்றம். ஆனால் காய்ச்சல் இல்லை, சுறுசுறுப்பு குறையவில்லை, தீனி எடுக்கிறது, மூக்கொழுக்கு தெளிவாக இருக்கிறது. இப்படிப்பட்ட நாய்களில் பெரும்பாலானவை 10 நாட்களுக்குள் தாமாகவே தேறிவிடும். துணை விலங்குகளின் தொற்றுநோய்களுக்கான சர்வதேச சங்கம் 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதையே சொல்கிறது. காய்ச்சல், சோர்வு, பசியின்மை ஆகியவற்றில் ஏதாவதொன்றோடு சீழ் கலந்த ஒழுக்கும் சேரும்போதே ஆன்டிபயாடிக்கைப் பற்றி யோசிக்க வேண்டும். இருமல் என்றாலே மாத்திரை என்னும் பழக்கத்தால்தான் இன்று பல மருந்துகள் வேலை செய்யாமல் போயிருக்கின்றன. இதைச் சொல்லும்போது எனக்குக் குரல் உயர்ந்துவிடும். அன்றும் உயர்ந்தது.

வீட்டுப் பராமரிப்பு

மருந்துச் சீட்டைவிட நீண்ட நேரம் பேசியது வீட்டைப் பற்றித்தான்.

கழுத்துப்பட்டையைக் கழற்றிவிட்டு ஹார்னெஸ் எனப்படும் நெஞ்சுப்பட்டையை மாட்டச் சொன்னேன். அழற்சியுற்ற மூச்சுக்குழாயின் மேல் பட்டை இழுபடும் ஒவ்வொரு முறையும் இருமல் வரும். இருமினால் அழற்சி கூடும். கூடினால் மீண்டும் இருமல். ஓட்டமும் விளையாட்டும் நிறுத்தம். காலைக்கடனுக்கு மட்டும் மெதுவான நடை.

குளிப்பாட்டக் கூடாது. புதிதாக வந்த நாயைக் குளிப்பாட்டிவிட்டுத்தான் வீட்டுக்குள் விடுவது என்பது நம் வீடுகளில் ஏறக்குறைய சடங்கு. இரண்டு மூன்று வாரம் பொறுத்தால் ஒன்றும் கெட்டுவிடாது. ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

கொசுவர்த்திச் சுருள், ஊதுவத்தி, சாம்பிராணி மூன்றும் அந்த அறையில் வேண்டாம். கிருமியால் ஏற்கெனவே செயலிழந்த நுண்மயிர்களுக்குப் புகை இன்னும் கேடு. கொசுவுக்கு வலை கட்டினார்கள். சளிக்கு நாம் மார்பில் தடவும் கற்பூரம் கலந்த தைலங்களையும் யூக்கலிப்டஸ் தைலத்தையும் நாய்க்குத் தடவக் கூடாது. நக்கி விழுங்கிவிடும், கற்பூரம் அதற்கு நஞ்சு. பெரியவர் கேட்டார்: "டாக்டரம்மா, சின்ன வெங்காயத்தைத் தட்டி ஒரு கஷாயம் கொடுக்கலாமா?" வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. கொக்கிப்புழுவால் ஏற்கெனவே இரத்தம் குறைந்திருக்கும் நாய்க்கு அது இரட்டை இழப்பு. பாராசிட்டமாலும் இபுபுரூஃபனும் இன்னும் ஆபத்து. நம் வீட்டு இருமல் சிரப்பையும் தொடக் கூடாது. சிலவற்றில் இனிப்புக்காகச் சேர்க்கும் சைலிட்டால், நாயின் இரத்தச் சர்க்கரையைத் திடீரென வீழ்த்தும்.

ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை நெபுலைசரில் வெறும் நார்மல் சலைன், ஒவ்வொரு முறையும் 10 நிமிடம். முகமூடியைப் பொருத்தினால் செவலை மிரண்டது. ஆகவே ஒரு அட்டைப்பெட்டியில் படுக்கவைத்து, மேலே மெல்லிய துணியைப் போட்டு, குழாயை உள்ளே விட்டார்கள். பெரியவர் பக்கத்தில் அமர்ந்து தொட்டுக்கொண்டிருந்தார். புதிய வீட்டில் யாரையும் நம்பாத நாயைச் சிகிச்சைக்குப் பிடித்து அமுக்கினால், அன்று தொடங்கும் அச்சம் மாதக்கணக்கில் நீளும். இருமலைவிட அது தீர்வது கடினம். எனவே சிகிச்சையின் ஒவ்வொரு படியையும் வலுக்கட்டாயம் இல்லாமல் அமைப்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன்.

மூக்கு அடைத்த நாய்க்கு வாசனை தெரியாது. வாசனை தெரியாத நாய் சாப்பிடாது. வேகவைத்த எலும்பில்லாக் கோழியும் குழைந்த சாதமும் கைபொறுக்கும் சூட்டில், நாளுக்கு நான்கு முறை. 11 கிலோ நாய்க்கு ஓய்வில் இருக்கும்போதே ஏறத்தாழ 420 கிலோகலோரி வேண்டும். மெலிந்த நாய் என்பதால் அதிலிருந்து தொடங்கிப் படிப்படியாகக் கூட்டினோம்.

மணிக்குத் தனி அறை, தனிக் கிண்ணம். செவலையைத் தொட்ட பிறகு கை கழுவி, மேலாடை மாற்றிவிட்டுத்தான் மணியிடம் போக வேண்டும். வீட்டில் புற்றுநோய்ச் சிகிச்சை பெறுபவரோ உறுப்பு மாற்று செய்துகொண்டவரோ இருக்கிறாரா என்றும் கேட்டேன். எதிர்ப்பாற்றல் மிகவும் குன்றியவர்களுக்கு போர்டெடெல்லா அரிதாகத் தொற்றக்கூடும். அப்படி யாரும் இல்லை.

இறுதியாக மூச்சு எண்ணிக்கை. நாய் ஆழ்ந்து உறங்கும்போது நெஞ்சு ஒருமுறை உயர்ந்து தாழ்வது ஒரு மூச்சு. ஒரு நிமிடம் முழுவதும் எண்ண வேண்டும். கால்கள் துடித்துக் கனவு காணும் நேரத்திலும் நாக்கைத் தொங்கவிட்டு இளைக்கும்போதும் எண்ணக் கூடாது. உறக்கத்தில் நிமிடத்துக்கு 30க்குள் இருப்பது இயல்பு. ஒரு நாயின் சொந்தக் கணக்கிலிருந்து விலகி ஏறிக்கொண்டே போவது, 30ஐத் தாண்டும் முன்பே எச்சரிக்கை. மருத்துவமனை மேசையில் அச்சத்தில் நிற்கும் நாயின் மூச்சை நான் எண்ணி எதையும் சொல்ல முடியாது. அன்று 44 இருந்தது. வீட்டில் உறங்கும் நாயின் மூச்சை வீட்டார் மட்டுமே எண்ண முடியும். இந்தப் பொறுப்பைப் பெரியவர் ஏற்றுக்கொண்டார்.

போகிக்கு முந்தைய இரவு

அவர் காலண்டர் தாள்களில் எழுதியவை: ஐந்தாம் நாள் இரவு 20. ஆறாம் நாள் 22. ஏழாம் நாள் 21. எட்டாம் நாள் 26. ஒன்பதாம் நாள், அதாவது போகிக்கு முந்தைய இரவு, 34.

இதே நாட்களில் இருமல் குறைந்துகொண்டு வந்தது. வீட்டில் மற்றவர்கள் தேறிவருகிறது என்றே நினைத்தார்கள். ஒன்பதாம் நாள் இரவு உணவில் பாதியை மிச்சம் வைத்தது; சாப்பாடு பிடிக்கவில்லை என்று எடுத்துக்கொண்டார்கள். விடிந்தால் போகி. சென்னையில் அந்த விடியற்காலைப் புகைமூட்டம் எப்படியிருக்கும் என்பது இங்கே வசிப்பவர்களுக்குத் தெரியும். பழைய பாயும் துணியும் சில இடங்களில் டயரும் எரியும். காலையில் செவலை வேகமாக மூச்சு வாங்கியது. எண்ணியபோது 40. வீட்டார் புகைதான் காரணம் என்றார்கள். கதவு ஜன்னல்களைச் சாத்தினால் மதியத்துக்குள் சரியாகும் என்பது அவர்கள் கருத்து.

பெரியவர் என்னை அழைத்துப் போகியன்று காலை எண்ணிக்கையைச் சொல்லி, "புகையாக இருக்குமா, டாக்டரம்மா?" என்று கேட்டார். "முந்தைய இரவு எவ்வளவு, ஐயா?" என்றேன். 34 என்றார். அதற்கு முந்தைய இரவு 26. புகை வருவதற்கு இரண்டு இரவுகள் முன்பே மூச்சு ஏறத் தொடங்கியிருந்தது. உடனே புறப்பட்டு வரச் சொன்னேன்.

உடல் வெப்பம் 103.8. மூக்கில் மஞ்சள் கலந்த கெட்டிச் சளி. நெஞ்சின் வலது முன்கீழ்ப் பகுதியில் மூச்சை இழுக்கும்போது கறகறப்பு. இரத்த ஆக்சிஜன் செறிவு 93 விழுக்காடு. 95க்கு மேல் இருக்க வேண்டும், 90க்குக் கீழே போனால் உயிருக்கு ஆபத்து. இதோடு இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு 29 விழுக்காடு மட்டுமே இருந்தது; நாய்க்கு 37க்கு மேல் இருப்பது இயல்பு. இரத்தசோகை உள்ள நாயிடம் ஆக்சிஜன் கருவி காட்டும் எண் ஆறுதல் தராது. இருக்கும் சிவப்பணுக்கள் எவ்வளவு நிறைந்திருக்கின்றன என்பதைத்தான் அது சொல்லும். எத்தனை சிவப்பணுக்கள் இருக்கின்றன என்பதைச் சொல்லாது. வெள்ளையணுக்கள் மிகக் கூடி 24,600; அவற்றில், கடும் தொற்றின்போது அவசரமாக இரத்தத்துக்கு வரும் முதிராத நியூட்ரோஃபில்கள் (ஒருவகை வெள்ளையணு) கணிசம். தட்டணுக்கள் இயல்பு, இரத்தப் பூச்சில் உண்ணிக் காய்ச்சல் கிருமிகள் இல்லை. நம் ஊரில் மெலிந்த தெரு நாய்க்குக் காய்ச்சல் என்றால் உண்ணிக் காய்ச்சலையும் பார்க்காமல் விடக் கூடாது. மூன்று கோணங்களில் எடுத்த எக்ஸ்ரேயில் நுரையீரலின் வலது நடு மடலிலும் இடது முன் மடலிலும் காற்றுப்பைகள் நிறைந்து வெண்மையாகத் தெரிந்தன. பாக்டீரியா நிமோனியாவின் வழக்கமான இடங்கள் அவை.

இருமல் குறைந்ததன் பொருளும் இப்போது விளங்கியது. அழற்சி மூச்சுக்குழாயிலிருந்து கீழே, காற்றுப்பைகளுக்கு இறங்கியிருக்கிறது. பெரிய குழாய்களில் இருப்பதுபோல் காற்றுப்பைகளில் இருமலைத் தூண்டும் நரம்பு முனைகள் இல்லை. சோர்ந்த நாய் இருமுவதும் குறைவு. எனவே இருமலின் எண்ணிக்கையை மட்டும் பார்த்து நாயின் நிலையை அளப்பது தவறான முடிவுக்கே கொண்டுசெல்லும். இந்த நோய்வரலாற்றிலிருந்து ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்ள வேண்டும் என்றால் நான் இதைத்தான் எடுத்துக்கொள்வேன்.

சிகிச்சை

டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக்தான் முதன்மை மருந்து. ஒரு கிலோவுக்கு 5 மி.கி. வீதம் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை. போர்டெடெல்லா, மைக்கோபிளாஸ்மா இரண்டையும் அது எட்டும். மூச்சுக்குழாயின் சுரப்பிலும் நன்றாகச் சேரும். மிதமான நிமோனியாவுக்கு அது மட்டுமே போதும் என்பதுண்டு. ஆனால் காய்ச்சலும் முதிராத வெள்ளையணுக்களும் சேர்ந்து இருந்ததால், காப்பக நாய்களைத் திடீரென வீழ்த்தக்கூடிய ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகை பாக்டீரியாவை மனத்தில் வைத்து முதல் இரண்டு நாட்கள் நரம்பு வழியாக ஆம்பிசிலினும் கொடுத்தேன். பகலில் மருத்துவமனையின் தனியறையில் ஆக்சிஜனும் அளவான சலைனும், இரவில் வீட்டுக்கு. பொதுவாக இப்படிப்பட்ட நாயை இரவும் மருத்துவமனையில் வைத்திருப்பேன். செவலை பெரியவர் அருகில் இல்லாதபோது உணவைத் தொடவே இல்லை, மூச்சும் கூடியது. ஆக்சிஜன் அளவு நிலையாக இருந்ததாலும், இரவில் எண்ணிச் சொல்ல நம்பகமான ஒருவர் இருந்ததாலும் அனுப்பினேன். எல்லா வீட்டுக்கும் இதைச் செய்ய மாட்டேன்.

மூச்சுக்குழாய் வழியாக மெல்லிய குழாய் விட்டுச் சுரப்பை எடுத்துக் கிருமி வளர்ப்புச் சோதனை செய்வது மிகச் சரியான வழி. அதற்கு மயக்க மருந்து வேண்டும். அன்றைய மூச்சு நிலையில் அதை நான் விரும்பவில்லை. மூக்கு, தொண்டை, கண் மூன்றிலிருந்தும் பஞ்சுக்குச்சியில் எடுத்துப் பி.சி.ஆருக்கு அனுப்பினேன். போர்டெடெல்லா இருந்தது. டிஸ்டெம்பர் நெகட்டிவ். தடுப்பூசிக் குழப்பம் பற்றி முன்பே சொன்னேன். அந்த நெகட்டிவைப் படித்தபோது அன்றைய நாள் முழுவதும் மனம் லேசாக இருந்தது. இருந்தாலும் நரம்புப் பரிசோதனையை மட்டும் மூன்று மாதம் தொடரச் சொன்னேன்.

காய்ச்சல் இரண்டு நாளில் இறங்கியது. மூச்சு எண்ணிக்கை 40இலிருந்து 36, பிறகு 31. அங்கேயே இரண்டு இரவுகள் நின்றுவிட்டது. மாத்திரையை எப்படிக் கொடுக்கிறீர்கள் என்று விசாரித்தேன். தயிர் சாதத்தில் மறைத்து. தயிரில் உள்ள கால்சியம் டாக்சிசைக்ளினைப் பிணைத்துக்கொண்டு குடலில் உறிஞ்சப்படும் அளவைக் குறைத்துவிடும். பால், பாலாடைக்கட்டி, கால்சியம் டானிக் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். உணவுக்குழாயில் மாத்திரை ஒட்டிக்கொண்டால் புண்ணாக்கும் மருந்தும் இதுதான். வெறும் வயிற்றில் உலர்ந்த மாத்திரையாக விழுங்கவைக்கக் கூடாது. கோழி உருண்டைக்குள் வைத்துக் கொடுத்து, பின்னாலேயே கொஞ்சம் கோழிச்சாறு குடிக்க வைத்தார்கள். அடுத்த இரவு 28, பிறகு 25, 22. தயிரை நிறுத்தியதால்தான் இறங்கியது என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன். அந்த நாட்களில் தானாகவே இறங்கியிருக்கவும் கூடும். ஆனால் நம் வீடுகளில் நாய்க்குத் தயிர் சாதம் அன்றாட உணவு. டாக்சிசைக்ளின் எழுதும்போதே இதைக் கேட்டுவிட வேண்டும்.

மூச்சு இறங்கிய அதே நேரத்தில் இருமல் மீண்டும் கூடியது. இந்த முறை ஈரமான இருமல். குடும்பம் கலங்கிப்போய் இருமல் மருந்து கேட்டது. கொடுக்கவில்லை. காற்றுப்பைகளில் சேர்ந்த சளி இளகி மேலே வந்துகொண்டிருந்தது. அதை வெளியேற்ற நாய்க்கு இருக்கும் ஒரே வழி இருமல். அதை அடக்கினால் சளி உள்ளேயே தங்கும். ஒவ்வொரு நெபுலைசருக்குப் பிறகும் உள்ளங்கையைக் குவித்து விலாவின் இருபுறமும் கீழிருந்து மேலாக மென்மையாகத் தட்டிக்கொடுத்து, முற்றத்தில் இரண்டு சுற்று நடத்தச் சொன்னேன். குழந்தைக்கு ஏப்பம் வரத் தட்டுவதுபோல என்று காட்டியதும் பெரியவருக்குப் பிடிபட்டுவிட்டது.

மருந்து தொடங்கிய பதினான்காம் நாள் மறு எக்ஸ்ரே. இடது மடல் தெளிந்திருந்தது. வலது மடலில் மங்கலான நிழல் மிச்சம். எக்ஸ்ரே எப்போதும் நாயைவிடப் பின்தங்கியே தேறும். முன்பெல்லாம் நிழல் முழுதும் மறையும்வரை மூன்று நான்கு வாரம், சில நேரம் ஆறு வாரம்கூட மருந்தை நீட்டுவோம். ஆனால் செவலைக்குக் காய்ச்சல் இல்லை, பசி திரும்பிவிட்டது, வெள்ளையணுக்கள் இயல்புக்கு வந்துவிட்டன, உறக்கத்தில் மூச்சு 18. நிறுத்தினேன். இரண்டு வாரம் கழித்து எடுத்த எக்ஸ்ரேயில் நிழலும் இல்லை.

மணி

மணிக்கும் இருமல் வந்தது. அறையைப் பிரித்திருந்தாலும் முதல் நான்கு நாட்கள் இரண்டும் ஒன்றாகத்தான் இருந்திருக்கின்றன. செவலைக்குப் பிறகு ஒரு வாரம் கழித்துச் சில நாள் வறட்டு இருமல்; காய்ச்சல் இல்லை, உறக்கத்தில் மூச்சு 22ஐத் தாண்டவில்லை, மருந்தே இல்லாமல் நின்றுவிட்டது. அதே கிருமியாகத்தான் இருக்க வேண்டும். மணிக்கு 9 வயது, செவலைக்கு ஒன்றரை. வயதை மட்டும் பார்த்தால் இளைய நாய்தான் எளிதாகத் தேறியிருக்க வேண்டும். மணியின் உடலில் ஆண்டாண்டாகப் போட்ட தடுப்பூசி, நல்ல எடை, புழுவில்லாத குடல், பழகிய வீடு எல்லாம் இருந்தன. செவலையிடம் இவற்றில் ஒன்றும் இல்லை. தத்து நாய்க்கு வரும் சளியை "எல்லா நாய்க்கும் வருவதுதானே" என்று விட முடியாததற்கு இந்த ஒரே வீட்டின் இரண்டு நாய்களைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

மணி தேறிய பிறகு இரண்டையும் பிரித்துவைக்க வேண்டிய அவசியம் இல்லாமல் போனது. வெளி நாய்களிடமிருந்துதான் விலக்கிவைக்க வேண்டியிருந்தது. இருமல் நின்ற பிறகும் போர்டெடெல்லா வாரக்கணக்கில், சில நாய்களிடம் இரண்டு மூன்று மாதம்வரைகூட வெளியேறிக்கொண்டிருக்கும். பூங்கா, நாய் விடுதி, அலங்கார நிலையம் எதற்கும் பங்குனி முடியும்வரை அனுப்ப வேண்டாம் என்றேன்.

பின்தொடர்தல்

செவலையைத் தத்து கொடுத்த காப்பகத்துக்குத் தகவல் சொன்னோம். அதே கூண்டு வரிசையில் இருந்த நாய்களைப் பிரித்துவைத்து, அங்கிருந்து அந்த வாரத்தில் நாய் எடுத்துச்சென்ற குடும்பங்களுக்கும் தொலைபேசியில் சொன்னார்கள். இது நடந்தது எனக்கு மிகுந்த மனநிறைவு. பல காப்பகங்களில் தத்துக் கடிதத்தோடு தடுப்பூசி அட்டை மட்டும் தருகிறார்கள். கூடவே, கடந்த 14 நாட்களில் அந்த வரிசையில் எந்த நாயாவது இருமியதா, புழு மருந்து எப்போது கொடுத்தார்கள், கூட்டுத் தடுப்பூசி எந்தத் தேதியில் போட்டார்கள் என்ற மூன்று வரிகளையும் எழுதித் தர வேண்டும் என்று அவர்களிடம் கேட்டுக்கொண்டேன். இந்த மூன்று வரிகள் இருந்தால் முதல் நாளே பாதி வேலை முடிந்துவிடும்.

கூட்டுத் தடுப்பூசியின் இரண்டாம் தவணையை நோய் முழுதும் தணிந்து இரண்டு வாரம் கழித்துப் போட்டோம். இரண்டு நாய்களுக்கும் மூக்கில் விடும் போர்டெடெல்லா தடுப்பு மருந்தை ஆண்டு அட்டவணையில் சேர்த்திருக்கிறேன். அது நோயை முற்றாகத் தடுக்காது; ஆனால் வந்தாலும் கடுமையாகவிடாது. கொக்கிப்புழுவுக்கு மூன்று வார இடைவெளியில் இரண்டாம் முறை மருந்து கொடுத்த பின் மலச் சோதனை சுத்தமாக வந்தது. சிவப்பணுக்களின் பங்கு 41 விழுக்காட்டுக்கு உயர்ந்தது. மூன்றாம் மாத நரம்புப் பரிசோதனையில் தசைத் துடிப்போ நடைத் தடுமாற்றமோ இல்லை. பாதங்கள் மென்மையாக இருந்தன. எடை 14.3 கிலோ.